இம்பீரியல் கவுண்டி: தண்ணீர் பாய்ச்சாமல் இருக்கப் பணம், கட்டு கட்டுகிறவருக்கு என்ன?

#1 தெற்குவாய்க்கால்

எல் சென்ட்ரோவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கலிபோர்னியா என்றதும் நம் ஆட்களுக்கு சான் ஹோசேயும் லாஸ் ஏஞ்சலஸும் நினைவுக்கு வரும். நான் இருக்கும் இம்பீரியல் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) மாநிலத்தின் தென்கிழக்கு மூலை. தெற்கே வேலிக்கு அந்தப்பக்கம் மெக்சிகோவின் மெஹிகாலி நகரம், கிழக்கே கொலராடோ ஆறு, அக்கரையில் அரிசோனா. ஊரே கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வருஷத்துக்கு மூன்று அங்குல மழை பெய்தால் பெரிது. கோடையில் 45 டிகிரியை யாரும் பேச்சாகவே எடுப்பதில்லை.

அப்படிப்பட்ட மண்ணில் வருஷம் 200 கோடி டாலருக்கு மேல் விளைகிறது. கொட்டிலில் கொழுக்க வைக்கும் மாடு, குதிரைமசால் என்ற தீவனப் பயிர், லெட்டூஸ், புரோக்கோலி, கேரட், வெங்காயம். குளிர்காலத்தில் அமெரிக்கா தின்கிற கீரை, லெட்டூஸில் பெரும்பங்கு இங்கிருந்தும் பக்கத்து யூமாவிலிருந்தும் போவதுதான். 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 1,79,702. வேலையின்மையில் கலிபோர்னியாவிலேயே நாங்கள்தான் அடிக்கடி முதலிடம். 15, 20 சதவீதம் இங்கே பழகிப்போன எண்.

இழை தொடங்கக் காரணம் பக்கத்து வீட்டுக்காரர். குதிரைமசால் வயலில் வைக்கோல் கட்டு கட்டும் இயந்திரம் ஓட்டுகிறார். இரவு ஈரப்பதம் ஏறியதும் வேலைக்குக் கிளம்புவார். பகல் வெயிலில் கட்டினால் இலை உதிர்ந்துவிடும். போன கோடையில் அவருக்கு ஏழு வாரம் வேலை இல்லை. நிலத்துக்காரர் தண்ணீர்ச் சேமிப்புத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 2024-இல் வந்த திட்டம் இது. கோடையில் 45 முதல் 60 நாள் குதிரைமசாலுக்குத் தண்ணீர் நிறுத்தினால், மிச்சமாகும் ஒவ்வொரு ஏக்கர் அடிக்கும் (ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர்) 300 டாலர். அதே ஏக்கர் அடியை வாங்கிப் பாய்ச்சினால் அவர் கட்டுவது 20 டாலர்.

நிலத்துக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆறு வற்றுகிறது, யாராவது குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கட்டு கட்டுகிறவர் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்? ஏழு வாரக் கூலி யார் வீட்டுப் பணம்? இங்கே விவசாயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், பேசலாம்.

#2 இரும்புக்கம்பி

எல் சென்ட்ரோ! கட்டமைப்புப் பொறியியல் படித்த யாரைக் கேட்டாலும் அந்தப் பெயர் தெரியும். 1940 மே 18 நிலநடுக்கத்தின் அதிர்வுப் பதிவை வைத்துத்தான் எங்களுக்குக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னையில் உட்கார்ந்து எத்தனை கட்டடத்தை அந்த ஊர் நிலநடுக்கத்தால் குலுக்கிப் பார்த்திருப்பேன்! அங்கே ஒரு தமிழர் மண் பார்க்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது, சந்தோஷம்.

மூன்று அங்குல மழையில் இவ்வளவு விளைச்சல் எப்படி? எங்கிருந்து வருகிறது தண்ணீர்?

#3 தெற்குவாய்க்கால்

மொத்தமும் கொலராடோ ஆறுதான். வேறு ஒரு சொட்டுக்கும் வழியில்லை, கிணற்று நீர் உப்பு.

முதல் தண்ணீர் 1901-இல் வந்தது. ஒரு தனியார் கம்பெனி ஆற்றங்கரையை வெட்டி, மெக்சிகோ மண் வழியாக வாய்க்கால் இழுத்துக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் இந்தப் பகுதிக்குப் பெயரே கொலராடோ பாலைவனம். பாலைவனம் என்று சொன்னால் எவன் நிலம் வாங்குவான்? ‘இம்பீரியல் பள்ளத்தாக்கு’ என்று ஜார்ஜ் சாஃபி பெயர் மாற்றினார். ஆட்கள் வந்தார்கள், வண்டலும் சேர்ந்து வந்தது. வாய்க்கால் தூர்ந்து போகவே ஆற்றில் வேறிடத்தில் அவசரமாக ஒரு வெட்டு வெட்டினார்கள், முறையான மடைகூடக் கட்டாமல். 1905-இல் வெள்ளம் அந்த வெட்டைப் பிளந்துகொண்டு, ஆறு முழுவதும் கடலை விட்டுவிட்டு இந்தப் பள்ளத்துக்குள் திரும்பிவிட்டது. ரயில் கம்பெனி வண்டி வண்டியாகப் பாறை கொட்டி 1907 பிப்ரவரியில்தான் அடைத்தது. தேங்கிய தண்ணீர்தான் சால்ட்டன் கடல் என்கிற ஏரி. அதே 1907-இல் சான் டியாகோவிலிருந்து பிரிந்து இந்தக் கவுண்டி பிறந்தது. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில் கடைக்குட்டி.

1911-இல் இம்பீரியல் பாசன மாவட்டம் என்ற பொது நீர் அமைப்பு உருவானது. மெக்சிகோவைத் தொடாமல் அமெரிக்க மண்ணிலேயே வரும் 80 மைல் வாய்க்கால் 1940-இல் தண்ணீர் கொண்டுவந்தது. நீங்கள் சொன்ன நிலநடுக்கமும் அதே வருஷம்தான். எல்லைப் பக்கத்தில் பிளவு குறுக்கே போன இடத்தில் அந்தப் புது வாய்க்கால் ஏறத்தாழ 15 அடி விலகிப் போனது.

இப்போது எங்கள் உச்சவரம்பு வருஷத்துக்கு 31 லட்சம் ஏக்கர் அடி. கலிபோர்னியாவின் பங்கு 44 லட்சம். அதில் பத்துக்கு ஏழு இந்த ஒரு கவுண்டிக்கு. நெவாடா மாநிலம் முழுமைக்கும் 3 லட்சம். முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை என்பதுதான் இங்கே ஆற்றுச் சட்டம். நாங்கள் முதலில் எடுத்துவிட்டோம்.

வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். மறுநாள் காலை பாசன மாவட்டத்து ஆள் வந்து மடையைத் திறந்து விடுவார். அவரை ஸ்பானிஷில் ‘சான்ஹேரோ’ என்பார்கள். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்யும் வேலை. முதல் தடவை அவரைப் பார்த்தபோது ஊர் நினைவில் கொஞ்ச நேரம் கரையிலேயே நின்றுவிட்டேன்.

#4 இரும்புக்கம்பி

31 லட்சம் ஏக்கர் அடியை டிஎம்சியில் போட்டேன். 135 வருகிறது! மேட்டூர் அணை முழுக்க நிரம்பினாலே 93 சொச்சம்தான். ஒரு கவுண்டிக்கு அதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. படித்துவிட்டு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை.

#5 கடற்கரைவாசி (சான் டியாகோ)

அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் வீட்டுக் குழாயில் வருவதில் கணிசமான பங்கு இம்பீரியலின் தண்ணீர். 2003 ஒப்பந்தப்படி அவர்கள் வருஷத்துக்கு 2 லட்சம் ஏக்கர் அடி வரை மிச்சப்படுத்தி எங்கள் நீர் ஆணையத்துக்குத் தருகிறார்கள், நாங்கள் விலை கொடுக்கிறோம். அந்த விலை மாதாமாதம் என் ரசீதில் ஏறுகிறது. வீட்டு முன்னால் இருந்த புல்லைப் பிடுங்கிவிட்டுக் கள்ளிச்செடி வைத்திருக்கிறேன். இதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை.

வருத்தம் குதிரைமசாலைப் பார்த்துத்தான். கடும் வெயிலில் தண்ணீரைக் கொட்டி வளர்த்து, அழுத்திக் கட்டி, கன்டெய்னரில் ஏற்றி ஜப்பானுக்கும் சீனாவுக்கும் சவுதிக்கும் அனுப்புகிறார்கள். வற்றிக்கொண்டிருக்கும் ஆற்றை வைக்கோலாக்கி ஏற்றுமதி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை நிறுத்தப் பணம் கொடுத்தால் நல்லதுதானே?

#6 பசுந்தீவனம் (நாமக்கல்)

குதிரைமசாலைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்ல விடமாட்டனுங்க. முப்பது வருசமா மாடு வச்சிருக்கிறவன் நான். எங்க ஊர்ல அரை ஏக்கர் போட்டாலே மாசம் ஒருக்கா அறுக்கலாம். பால் மாட்டுக்கு அதைவிடத் தீவனம் இல்லீங்க. பயறு வகைங்கறதால மண்ணுக்குத் தழைச்சத்தும் தானே சேத்துக் குடுக்கும். வேர் ஆள் உயரத்துக்கு மேல கீழ எறங்கும். அதனாலதான் ரெண்டு மாசம் தண்ணி இல்லாமக் காஞ்சு கெடந்தாலும் செத்துப்போகாது, மடையைத் தொறந்தா மறுபடி துளிர்க்கும். லெட்டூஸை அப்படி ஒரு வாரம் விட்டுப் பாருங்க!

தண்ணியைக் கொறைச்சே ஆகணும்னா குதிரைமசால்ல கோடை அறுப்பைக் கொறைக்கிறதுதான் நட்டம் கம்மி. அந்த வெயில்ல தழையும் நல்லா வராது, தரமும் நிக்காது. இன்னொண்ணு, அது கைவேலை கம்மியான பயிர். அறுக்கிறது, கட்டறது, ஏத்தறது எல்லாம் மிசினு. அதனால தெற்குவாய்க்கால் அண்ணன் கேக்கற கேள்வி எனக்குப் புரிஞ்சாலும், பாதிக்கப்படற ஆளுங்க எண்ணிக்கை கம்மியாத்தான் இருக்கோணும்.

கடற்கரைவாசி சார், அந்த வைக்கோல் பாலாவும் கறியாவும் திரும்பி மனுசன் வயித்துக்குத்தான் போகுதுங்க.

#7 தெற்குவாய்க்கால்

பசுந்தீவனம் அண்ணா, நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நான் எண்ணிக்கையை நினைக்காமல் ஒரு முகத்தை நினைத்து எழுதிவிட்டேன். கைவேலை மிகுந்தது காய்கறி. டிசம்பர், ஜனவரியில் காலை இரண்டு மணிக்கே மெஹிகாலி பக்கம் எல்லைச் சாவடியில் வரிசை நிற்கும். நாலு மணிக்கு எல்லைக்கு இந்தப்பக்கம் கலெக்ஸிகோ தெருக்களில் கங்காணிகளின் பேருந்துகள். பனி உருகும் வரை வயலோரம் காத்திருப்பார்கள். உறைந்த இலையைத் தொட்டால் கறுத்துப்போகும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா இல்லையா என்பதில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. மார்ச்சில் வெட்டு முடிந்ததும் கூட்டத்தில் பாதி வடக்கே சாலினாஸுக்குப் போய்விடும். இலை நறுக்கிப் பையில் அடைக்கும் ஆலைகளையே கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். பருவம் போகும்போது ஆலையும் போகிறது. பிறகு கோடை முழுக்க இங்கே மிஞ்சுவது குதிரைமசாலும் புல்லும் மாடும்தான்.

அதனால்தான் அந்தச் சில பேர் எனக்குப் பெரிதாகத் தெரிகிறார்கள். வேறு வேலையே இல்லாத மாதங்களில் இருந்த ஒரே வேலை அது. கட்டு இயந்திரக்காரர், லாரிக்காரர், உரக்கடை, டீசல் கடை, டிராக்டர் பழுது பார்ப்பவர் என்று ஒரு சங்கிலி. ஒரு பயிர் போனால் சங்கிலி எங்கே அறும் என்பதைச் சமீபத்தில் கண்ணால் பார்த்தோம். எங்கள் கவுண்டியின் பிராலியில் இருந்த சர்க்கரை ஆலையை மூடப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். கலிபோர்னியாவில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்த கடைசி ஆலை. அதற்குக் காரணம் தண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆலை போனதும் கிழங்கு போட்டவர், ஏற்றியவர், சக்கையை மாட்டுக்கு வாங்கியவர் எல்லோரும் ஒரே நாளில் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

கடற்கரைவாசி, ஏற்றுமதி பற்றி ஒன்று. ஆசியாவிலிருந்து பொருள் கொண்டுவந்த கன்டெய்னர்கள் காலியாகத் திரும்புவதால் வாடகை மலிவு. அந்தக் காலி இடத்தில்தான் வைக்கோல் போகிறது. உங்கள் கோபம் நியாயமானது. அது வயலில் நிற்பவன் எடுத்த முடிவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

#8 ஏரிக்கரை (இண்டியோ)

நான் யாழ்ப்பாணம். இப்ப சால்ட்டன் கடலுக்கு வடக்கால இண்டியோவில இருக்கிறன், பிள்ளையளின்ர வார்டில தாதி. நீங்கள் எல்லாரும் வயலுக்க போற தண்ணியைப் பற்றிக் கதைக்கிறியள். வயலால வெளிய வாற தண்ணியைப் பற்றி நான் சொல்ல வேணும்.

இந்தக் கடலுக்கு வேற பெரிய வரத்து இல்லை. இம்பீரியல் வயலுகளில மிஞ்சி வழியிற வடிகால் தண்ணிதான் அதை உயிரோட வச்சிருக்கு. விவசாயி மிச்சம் பிடிக்கப் பிடிக்க கடல் வத்தும். 2003 ஒப்பந்தத்தில இதுக்கு ஈடாக் கடலுக்குத் தண்ணி விட வேணும் எண்டு எழுதி இருந்தது. 2017 முடிவோட அது நிண்டு போச்சு. இப்ப கரை வருசா வருசம் பின்வாங்குது. முந்தி அடியில கிடந்த சேறு காய்ஞ்சு மாப்போல பறக்குது. அதுக்க பல வருசத்துப் பூச்சிமருந்து, உரம் எல்லாம் இருக்கு. கடல் உப்பு இப்ப சமுத்திரத்தைப் போல ரெண்டு மடங்கு, மீன் பெரும்பாலும் போட்டுது, மீனைத் தேடி வந்த பறவையளும் குறைஞ்சிட்டுது.

காத்து எழும்பின அடுத்த நாள் எங்கட வார்டில கட்டில் காணாது. இந்தப் பக்கத்துப் பிள்ளையளில அஞ்சில ஒண்டுக்கு ஆஸ்துமா. போன கிழமை ஆறு வயசுப் பெட்டை ஒண்டு, தகப்பன் பேரீச்சந் தோட்டத்தில வேலை. மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கிற முகமூடியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு விளக்கம் சொல்லுது, எத்தினை நிமிசம் பிடிக்க வேணும் எண்டு. அவ்வளவு பழக்கம்.

ஒரு ஏக்கர் அடிக்கு 300 டொலர் எண்டு எழுதேக்க இந்தப் பிள்ளையின்ர மூச்சையும் கணக்கில போட வேணும். நான் கேக்கிறது அவ்வளவுதான்.

#9 கடற்கரைவாசி

ஏரிக்கரை அக்கா, ரசீதில் இருக்கும் விலைதான் முழு விலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

#10 இரும்புக்கம்பி

ஒரு பொறியியல் சந்தேகம். வழிகிற தண்ணீர் வீண் என்றால் சொட்டு நீருக்கு மாறி வழிவதையே நிறுத்திவிடலாமே? ஏன் இன்னும் பாத்தி கட்டிப் பாய்ச்சுகிறார்கள்?

#11 தெற்குவாய்க்கால்

இது என் தொழில், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கொலராடோ தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்போதே உப்போடு வருகிறது. ஒரு ஏக்கர் அடியில் ஏறத்தாழ ஒரு டன். வருஷத்துக்கு ஏக்கருக்கு ஐந்தாறு ஏக்கர் அடி பாய்ச்சினால் ஐந்தாறு டன் உப்பை வயலில் கொட்டுகிறோம் என்று அர்த்தம். செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை அப்படியே விட்டுவிடும். மழை பெய்து கழுவிவிடும் ஊர் இது இல்லை. மேலும் இது களிமண். ஆகவே பயிருக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம் பாய்ச்சி, உப்பைக் கரைத்துக் கீழே இறக்க வேண்டும். இறங்கியது தேங்கினால் நீர்மட்டம் ஏறி மறுபடி வேருக்கு வந்துவிடும். அதற்காக வயலுக்கடியில் வரிசையாக ஓட்டைக் குழாய் புதைத்திருக்கிறார்கள். முன்பு சுட்ட மண் குழாய், இப்போது பிளாஸ்டிக். கவுண்டி முழுக்க 30,000 மைலுக்கு மேல். ஒரு வயலுக்கு மேலே தெரியும் வாய்க்காலைவிடக் கீழே தெரியாத வாய்க்கால்தான் முக்கியம். அந்தக் குழாய்த் தண்ணீர் வடிகாலில் விழுந்து, ஆலமோ ஆறு, நியூ ஆறு வழியாகச் சால்ட்டன் கடலுக்குப் போகிறது.

ஆக வழிவது இரண்டு வகை. வயலின் கடைமடையில் மேலாக வழிந்து போவது உண்மையிலேயே மிச்சப்படுத்தக்கூடியது. அதைப் பிடித்து மறுபடி மேல்மடைக்கு ஏற்றுகிறார்கள், தெளிப்பு நீரும் சொட்டு நீரும் போடுகிறார்கள், வயலை லேசர் வைத்துச் சமன் செய்கிறார்கள். அந்தச் செலவை ஈடுகட்டத்தான் சான் டியாகோ பணம். குழாய் வழியாக அடியில் இறங்குவது வேறு. அதை நிறுத்தினால் மண் செத்துவிடும். என் மேசைக்கு வரும் மாதிரிகளில் வெள்ளை பூத்த மண் எப்போதாவது வரும். பையைத் திறக்கும்போதே தெரிந்துவிடும், யாரோ இரண்டு மூன்று வருஷம் தண்ணீரில் சிக்கனம் பிடித்திருக்கிறார் என்று. அதை மீட்க வருஷக்கணக்கில் ஜிப்சமும் தண்ணீரும் வேண்டும்.

இரண்டு வகையும் போய்ச் சேரும் இடம் அந்தக் கடல்தான். மேலே எதைச் சிக்கனம் செய்தாலும் கீழே கரை விலகும். ஏரிக்கரை அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

2024 திட்டமே தாமதமானது ஒரு மீனால் என்பதையும் சொல்ல வேண்டும். வடிகால்களில் பப்ஃபிஷ் என்று விரல் நீள மீன் ஒன்று வாழ்கிறது, அழிவின் விளிம்பில் இருப்பது. வடிகால் வற்றினால் அது என்ன ஆகும் என்று ஆராய்ந்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் திட்டம் நடந்தது. அப்படி ஆராய்ந்தது சரி. கட்டு கட்டுகிறவரின் ஏழு வாரத்துக்கும் அதே அக்கறையோடு யாராவது ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

#12 பழையஏடு

இந்த மண்ணில் நம் நாட்டவர் கதை ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டு இம்பீரியலைப் பேச முடியாது.

1910-களிலிருந்தே பஞ்சாபி விவசாயிகள் இந்தப் பள்ளத்தாக்கில் பருத்தியும் முலாம்பழமும் போட்டவர்கள். 1913-இல் கலிபோர்னியா அந்நியர் நிலச் சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்க முடியாது. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரிலிருந்து மனைவியை அழைத்துவரவும் வழியில்லை. பலர் மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். குருத்வாராவுக்குப் போகும் அப்பா, மாதா கோவிலுக்குப் போகும் அம்மா என்று ஒரு தலைமுறையே இங்கு வளர்ந்தது. நிலம் மட்டும் வேறு யாருடைய பெயரிலாவது இருக்கும். அந்த யாரோ ஒருவரின் நாணயத்தை நம்பித்தான் குடும்பமே பிழைத்தது.

அந்தப் பஞ்சாபி விவசாயிகளுள் ஒருவர் தலீப் சிங் சௌந்த். பெர்க்லியில் 1924-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், அவருக்கு ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை; இம்பீரியலில் லெட்டூஸ் போட்டார். 1946-இல் குடியுரிமைச் சட்டம் மாற அவரும் பாடுபட்டார். 1949-இல் குடிமகனானார். வெஸ்ட்மோர்லாண்ட் என்ற சிற்றூரில் நீதிபதியானார். 1956 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் ஆசிய அமெரிக்கர் அவர்தான். அனுப்பியது ரிவர்சைடும் இம்பீரியலும் சேர்ந்த தொகுதி.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பிராலியில் பென் யெல்லன் என்ற மருத்துவர் இருந்தார். அரசுப் பணத்தில் கட்டிய வாய்க்கால் தண்ணீர் ஒருவருக்கு 160 ஏக்கருக்குத்தான் என்று 1902 சட்டம் சொல்கிறது, இங்கே ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார்களே என்று கேட்டுக் கூலிக்காரர்கள் சார்பில் வழக்காடினார். 1980-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே பாசனம் பெற்றிருந்த இம்பீரியல் நிலத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று. அன்று அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி இருந்திருந்தால், இன்று 300 டாலரை வாங்கும் கைகள் இன்னும் நிறைய இருந்திருக்கும். தெற்குவாய்க்கால் கேட்கும் கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

#13 பட்டாதாரர்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். நானும் நிலம் வைத்திருப்பவன்தான், தேனிப் பக்கம்.

பாலைவனத்தை வயலாக்கியது யார்? அடியில் குழாய் புதைத்த கடன் யாருடையது? விலை விழுந்த வருஷம் லெட்டூஸை வயலிலேயே உழுது போட்டவர் யார்? அந்த நஷ்டத்தில் எந்தக் கூலிக்காரரும் பங்கு கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அப்படியிருக்கத் தண்ணீரை விடுவதால் வரும் பணத்தில் மட்டும் பங்கு எப்படி? அதோடு, குதிரைமசாலைக் காயப்போட்டால் அடுத்த அறுப்பு மெலியும், களை ஏறும். அந்த 300 டாலரில் அதெல்லாம் அடக்கம். வேலை இழந்தவருக்கு உதவ வேண்டியது அரசாங்கம். நிலத்துக்காரரின் பையில் கைவைப்பது நியாயமில்லை.

#14 பசுந்தீவனம் (நாமக்கல்)

பட்டாதாரர் சொல்றதுலயும் நெசம் இருக்குதுங்க. ஆனா எங்க ஊர்ல ஒரு வழக்கம். கெணறு வத்தி வெள்ளாமை இல்லாத வருசமும் பண்ணையத்து ஆளுக்குத் தீபாவளிக்குத் துணியும் மாசம் ஒரு மூட்டை சோளமும் குடுப்பாங்க எங்க அப்பா. சட்டம் ஒண்ணும் சொல்லல. அடுத்த வருசம் மழை பேஞ்சா ஏரு பூட்ட அந்த ஆளு வேணுமே! மிசினு ஓட்டறவரை ரெண்டு கோடை சும்மா வச்சா மூணாவது கோடை அவர் அந்த ஊர்லயே இருக்கமாட்டாரு.

#15 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. இடையில் காவிரியை இழுத்து எழுதப்பட்ட நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கொலராடோவைப் பேசுவோம்.

#16 தெற்குவாய்க்கால்

பட்டாதாரர் ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நஷ்டத்தில் பங்கு கேட்காதவர் லாபத்தில் கேட்கலாமா என்பது சரியான கேள்வி. தண்ணீர் நிலத்துக்காரருடையது என்றால் நீங்கள் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் இங்கே தண்ணீர் அவருடையதில்லை. ஒரு பெரிய பண்ணைக்காரர் இதையே கேட்டுப் பாசன மாவட்டத்தின் மேல் வழக்குப் போட்டார். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: நீருரிமை பாசன மாவட்டத்துடையது, அதைப் பயனாளிகள் அனைவருக்காகவும் பொறுப்பில் வைத்திருக்கிறது, விவசாயிக்கு இருப்பது தண்ணீர் பெறும் உரிமை, உடைமை இல்லை. அந்தப் பாசன மாவட்டத்தின் ஐந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பது நிலத்துக்காரர் மட்டும் இல்லை, பதிவு செய்த வாக்காளர் எல்லோரும். என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓட்டு உண்டு.

அவர் செலவுக்கும் களைக்கும் அறுப்பு நஷ்டத்துக்கும் பணம் வாங்கட்டும், முழுதாக வாங்கட்டும். பொதுச் சொத்தை விற்று வரும் வருமானத்தில் அதற்கு மேல் ஒரு சிறு பங்கு அந்த வயலை நம்பியிருந்தவருக்குப் போக வேண்டும் என்பதே நான் கேட்பது. இது புதிதும் இல்லை. 2003 ஒப்பந்தத்தில் நிலத்தைத் தரிசு போட்டபோது, அதனால் வேலையும் வியாபாரமும் இழந்தவர்களுக்கென்று ஒரு நிதி வைத்தார்கள். சண்டையும் தாமதமுமாகத்தான் நடந்தது, ஆனாலும் இருந்தது. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

#17 மின்கலம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சால்ட்டன் கடலுக்கடியில் லித்தியம் இருக்கிறதே, அதை யாரும் பேசவில்லை? புவிவெப்ப மின்நிலையங்கள் பதினொன்று அங்கே ஏற்கெனவே ஓடுகின்றன. மேலே வரும் கொதி உப்புநீரிலேயே லித்தியம் கரைந்திருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் 2023 அறிக்கை அந்த இருப்பை மிகப் பெரியது என்கிறது. அது வந்தால் கட்டு கட்டுகிறவருக்கு வேறு வேலை கிடைக்குமே?

#18 தெற்குவாய்க்கால்

கிடைத்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன். மாநிலம் 2022-இல் டன்னுக்கு 400 டாலரிலிருந்து வரி போட்டது, அதில் பெரும்பங்கு கவுண்டிக்கே என்று சட்டமும் செய்தது. உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் பயிற்சி வகுப்பு நடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரின் மூத்த பையன் அதில் சேர்ந்திருக்கிறான். ஆனால் 52 வயதில் அந்த வகுப்பில் உட்காரச் சொல்லி அவனுடைய அப்பாவிடம் என்னால் சொல்ல முடியவில்லை. இந்தக் கோடைக்கு இந்தக் கோடையில்தான் வழி வேண்டும்.

#19 ஏரிக்கரை (இண்டியோ)

லித்தியத்துக்கும் தண்ணி வேணும். அது கடலுக்குப் போற தண்ணியில இருந்தே வரப்போகுது எண்டதையும் எழுதி வையுங்கோ.

#20 கடற்கரைவாசி

2007-இல் போட்ட ஆற்றுப் பங்கீட்டு விதிகள் 2026 முடிவோடு காலாவதியாகின்றன. ஏழு மாநிலங்களும் புது விதிகளுக்காக இழுபறியில் இருக்கின்றன. எது வந்தாலும் இம்பீரியல் இன்னும் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். அப்படியானால் இந்த நிதியைப் பற்றிக் கேட்க இதுதான் நேரம். நான் விலை கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன். ஏக்கர் அடிக்கு ஐந்து டாலர் கூட வைத்து, கூலிக்கும் கடலுக்கும் என்று தனியே எழுதினால், சந்தோஷமாகக் கட்டுவேன். எங்கள் நீர் ஆணையக் கூட்டத்தில் இதைச் சொல்ல நான் தயார். தெற்குவாய்க்கால், உங்கள் பக்கத்தில் யார் சொல்வது?

#21 தெற்குவாய்க்கால்

நேற்று இரவு இந்த இழையை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். என் ஸ்பானிஷ் அரைகுறை, அவர் மனைவி திருத்திக்கொண்டே வந்தார். அந்த அம்மா குளிர்காலத்தில் லெட்டூஸ் வெட்டப் போகிறவர். ஏரிக்கரை அக்காவின் பதிவை இரண்டாவது முறை கேட்டார்கள். தீபாவளித் துணியையும் சோள மூட்டையையும் சொன்னபோது அவர் சிரித்தார்; மெஹிகாலிக்குத் தெற்கே அவருடைய தாத்தா ஊரிலும் அப்படித்தானாம், சோளத்துக்குப் பதில் பீன்ஸ்.

பணம் அவர் கேட்கவில்லை. ஜூனிலேயே சொல்லிவிட்டால் போதும் என்கிறார். கையெழுத்துப் போட்ட அன்றே எந்த வயல், எத்தனை வாரம் என்று தெரிந்தால் சாலினாஸ் பக்கம் ஏதாவது பார்த்துக்கொள்வேன், போன வருஷம் வண்டியை வயலுக்குக் கொண்டுபோன பிறகுதான் வேலை இல்லை என்று தெரிந்தது என்றார். நான் நிதி, பங்கு என்று பெரிதாக யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. பட்டாதாரர் ஐயா, இதற்கு நீங்களும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பாசன மாவட்டக் கூட்டம் செவ்வாய்க்கிழமை. பொதுமக்கள் பேசலாம், மூன்று நிமிடம். அவர் வருகிறார், அந்த அம்மாவும். முதலில் முன்னறிவிப்பு, அடுத்து நிதி, கடைசியில் கடல். இந்த வரிசையில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

#22 பட்டாதாரர்

முன்னறிவிப்புக்கு மறுப்பே இல்லை. அதைச் செய்யாதது தவறு. என் ஆட்களிடம் நானும் அதைச் சரியாகச் செய்ததில்லை என்று இப்போது உறைக்கிறது. நிதி விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் எழுதுங்கள், வாதிடுவோம்.

#23 ஏரிக்கரை (இண்டியோ)

கடலைக் கடைசியில போட வேண்டாம் தம்பி. மூண்டு நிமிசத்தில கடைசி விசயத்துக்கு மணி அடிச்சுப் போடுவாங்கள். எனக்கு செவ்வாய் இரவுக் கடமைதான், பகல் நான் வாறன். என்ர மூண்டு நிமிசத்தை நான் கடலுக்கு எடுக்கிறன்.

#24 தெற்குவாய்க்கால்

வாருங்கள் அக்கா. மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு.